பூவின் விலை



நெல்லைக் குதிரில் சேர்த்து வைக்கலாம். துணியை அலமாரியில் அடுக்கி வைக்கலாம். பொன்னைப் பெட்டியில் பூட்டி வைக்கலாம். இவற்றை விற்கும் வணிகன், இன்று விலை குறைவாக இருந்தால் நாளை வரை பொறுப்பான். நாளையும் குறைந்தால் அடுத்த திங்கள் வரை பொறுப்பான். ஆனால், பொறுத்திருக்கவே முடியாத வணிகம் ஒன்று உண்டு. விடியற்காலையில் விலை மிகுந்த பொருளாக இருப்பது, அன்று நள்ளிரவில் குப்பையாகிவிடும். அதுதான் பூ வணிகம். மதுரை மாநகரில் அவ்வணிகம் எவ்வாறு நடைபெறுகிறது, பருவந்தோறும் அந்நகரம் பூவால் எவ்வாறு கோலம் கொள்கிறது என்பன பற்றி இன்று உங்களோடு சிறிது பேச விரும்புகிறேன்.

இப்பொருளை எனக்கு முதலில் கற்பித்தவர் யார் தெரியுமா? என்னிடம் ஏழாம் வகுப்பில் படித்த ஒரு சிறுமி. 1987ஆம் ஆண்டு அது. மதுரையில் ஒரு பள்ளியில் நான் கணக்கு ஆசிரியராக இருந்தேன். இலாப நட்டப் பாடம் நடந்துகொண்டிருந்தது. கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதினேன். “ஒரு பூ வியாபாரி கிலோ 20 ரூபாய் வீதம் 5 கிலோ மல்லிகை வாங்கி, கிலோ 28 ரூபாய் வீதம் விற்றார். அவர் அடைந்த இலாபம் எவ்வளவு?” என்பது கணக்கு. வகுப்பு முழுவதும் “40 ரூபாய்” என்று ஒரே குரலில் விடை கூறியது. கடைசி வரிசையிலிருந்து அந்தச் சிறுமி மட்டும் எழுந்து நின்றாள். “இருபத்தெட்டு ரூபாய்ங்கிறது காலை விலையா, ராத்திரி விலையா, சார்?” என்று கேட்டாள். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் அதனை விளையாட்டுப் பேச்சு என்றே எண்ணினேன். “கேட்ட கேள்விக்கு விடை சொல், எதிர்க்கேள்வி போடாதே” என்று அதட்டி, மணியடிக்கும் வரை அவளை நிற்க வைத்தேன். அவள் கேள்வியில் எவ்வளவு பொருள் இருந்தது என்பது பின்னரே எனக்கு விளங்கிற்று. அது உங்களுக்கும் விளங்க வேண்டுமானால், பூ செடியில் அரும்பும் இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

பூவுக்கும் பொழுதுக்கும் உள்ள உறவை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். பூவின் ஒவ்வொரு நிலைக்கும் தமிழில் தனிப்பெயர் உண்டு. அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று அவற்றை வரிசைப்படுத்திக் கூறுவர். அரும்புவது முதல் வாடிக் கிடப்பது வரையில் ஏழு சொற்கள்! ஒரு பொருளின் நாழிகைகளை இத்தனை நுட்பமாக அளந்த மக்கள், அப்பொருளோடு நெருங்கி வாழ்ந்தவர்களாகத்தானே இருக்க வேண்டும்? மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி, மதுரையின் பகற்கடைத் தெருவாகிய நாளங்காடியையும் இரவுக்கடைத் தெருவாகிய அல்லங்காடியையும் நம் கண்முன் நிறுத்துகிறது. அக்கடைத் தெருக்களில் நடமாடும் மக்களிடையே பூ விற்போரையும் நாம் காண்கிறோம். ஆகவே, இன்று மதுரைத் தெருவில் கூடையோடு அமர்ந்திருக்கும் பூக்காரம்மாள், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு மரபுடைய ஒரு தொழிலின் வழித்தோன்றல் ஆவார்.

மதுரை என்றதும் மல்லிகை நினைவுக்கு வருகிறது. மதுரை மல்லிக்கு 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. குண்டான மொக்கும், தடித்த இதழும், நெடுநேரம் நிற்கும் மணமும் அதன் சிறப்புகள். மதுரை, திண்டுக்கல், தேனி, விருதுநகர், சிவகங்கை ஆகிய மாவட்டங்களின் நிலங்களில் அது விளைகிறது. ஆனால், அச்செடியின் தாய்வீடு சற்றுத் தொலைவில் இருக்கிறது. இராமேசுவரத்தை அடுத்த தங்கச்சிமடம் பகுதியின் மணற்பாங்கான நிலத்தில் பதியன்களை வேர்பிடிக்கச் செய்து, நாற்றுகளாக உள்நாட்டுக்கு அனுப்புகிறார்கள். கடற்கரையில் வேர்விட்ட செடி, திருமங்கலத்திலும் உசிலம்பட்டியிலும் நிலக்கோட்டையிலும் பூக்கிறது.

கார்த்திகைத் திங்களில், அதாவது நவம்பர் இறுதியில், உழவர் மல்லிகைச் செடியைக் கவாத்து செய்கின்றனர். கிளைகளை வெட்டிச் செடியைக் குட்டையாக்கி, எருவிட்டு நீர் பாய்ச்சுகின்றனர். பனிக்காலம் முழுவதும் செடி ஓய்ந்திருக்கும். மாசி, பங்குனியில் வெயில் ஏறத் தொடங்கியதும் புதுத்தளிர் விட்டு, அத்தளிரின் நுனியில் மொக்குகள் திரளும். சித்திரை வெயில் நம்மைச் சுடுகிறது. மல்லிகைக்கோ அது மகிழ்ச்சிக் காலம்.

மொக்கைப் பறிக்கும் வேலை கதிரவன் எழுமுன்பே தொடங்கிவிடுகிறது. அன்று மாலையில் விரியக்கூடிய, முதிர்ந்து வெளுத்த மொக்கை மட்டுமே பறிக்க வேண்டும். பச்சை மாறாத பிஞ்சு மொக்கைப் பறித்தால் விரியாது. விரிந்த பூவைப் பறித்தாலோ சந்தைக்குப் போகுமுன் வாடிவிடும். இதை இருட்டில், கைவிளக்கின் ஒளியில், விரல் நுனியால் கண்டறிகிறார்கள் பெண்கள். ஒரு கிலோ சேர வேண்டுமானால் ஆயிரக்கணக்கான மொக்குகளைத் தனித்தனியே கிள்ள வேண்டும். முதுகு வளைந்தபடியே நான்கைந்து மணி நேரம் நிற்க வேண்டும்.

விடியலில் கிள்ளப்பட்ட மொக்கு, விளக்கேற்றும் நேரத்தில் தானே இதழ் விரிக்கும். செடியிலிருந்து பிரிந்த பின்னும் அதற்கு உயிர் இருக்கிறது, அது மூச்சு விடுகிறது, நீரை இழக்கிறது. வெப்பம் மிகுந்தால் இவையெல்லாம் விரைவாக நிகழும். ஈரச் சாக்கும், வாழையிலையும், அவ்வப்போது தெளிக்கும் நீரும் அந்த விரைவைச் சற்றுத் தடுத்து நிறுத்துகின்றன. பறித்ததற்கும் விரிவதற்கும் இடையே ஏறத்தாழப் பன்னிரண்டு மணி நேரம். மதுரையின் மல்லிகை வணிகம் பெரும்பாலும் அந்தப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் அடங்கிவிடுகிறது.

இனிச் சந்தைக்குச் செல்வோம். மாட்டுத்தாவணி என்னும் பெயரைக் கேட்டதும், அது முன்பு மாட்டுச் சந்தை கூடிய இடம் என்பதை நீங்கள் உணர்ந்துகொள்ளலாம். இப்போது அங்கே பேருந்து நிலையத்தோடு மலர்ச் சந்தையும் இருக்கிறது. பொழுது விடிவதற்கு முன்பே மூட்டைகள் வந்து இறங்குகின்றன. மல்லிகை, முல்லை, பிச்சி, கனகாம்பரம், சம்பங்கி, செவ்வந்தி, அரளி, கோழிக்கொண்டை, பன்னீர் ரோஜா, மரிக்கொழுந்து, துளசி என்று எத்தனை நிறம், எத்தனை மணம்! ஒருபுறம் தராசுகள் ஏறி இறங்குகின்றன. மறுபுறம் விலை கூறும் குரல்கள் மோதிக்கொள்கின்றன. தொலைவூருக்குச் செல்லும் பூவைப் பனிக்கட்டியோடு தெர்மோகோல் பெட்டிகளில் அடைக்கிறார்கள். அது வானூர்தியில் ஏறிச் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போகிறது.

உழவர் கொண்டுவரும் பூவைக் கமிஷன் மண்டிக்காரர் எடைபோட்டு விற்றுக்கொடுத்து, தம் கமிஷனைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுக்கிறார். பல உழவர்கள் எருவுக்கும் ஆள்கூலிக்கும் மண்டியில் முன்பணம் வாங்கியிருப்பார்கள். வேறு எங்கும் கிடைக்காத கடன் உரிய நேரத்தில் கிடைப்பது அவர்களுக்கு நன்மை. வாங்கிய இடத்தில்தான் பூவைப் போட வேண்டும் என்ற கட்டுப்பாடு அவர்களுக்குத் தொல்லை. இரண்டையும் எண்ணிப் பார்த்தால்தான் அவ்வுறவின் தன்மை நமக்குப் புலப்படும்.

விலையை யார் வகுக்கிறார்கள்? எந்த அலுவலகமும் வகுப்பதில்லை. அன்று வந்த மூட்டைகளின் எண்ணிக்கையும், அன்றைய நாளின் சிறப்பும் சேர்ந்து அதனை வகுக்கின்றன. விடியலில் ஒரு விலை, எட்டு மணிக்கு ஒரு விலை, நண்பகலில் ஒரு விலை. ஒரே பூ, ஒரே இடம். மாறியது கடிகாரத்தின் முள் மட்டுமே.

நாளுக்குள் நிகழும் இந்த ஏற்ற இறக்கம் ஆண்டுக்குள்ளும் நிகழ்கிறது. வெயில் காலத்தில் மல்லிகை குவிந்து கிலோ 300 ரூபாய்க்கும் கீழே இறங்குவதுண்டு. மார்கழி, தை மாதங்களில் பனியால் பூ சுருங்குகிறது. மார்கழியில் திருமணம் இல்லை. ஆனால் தை பிறந்ததும் பொங்கலும் முகூர்த்தங்களும் ஒருங்கே வந்து பூவைத் தேடுகின்றன. அப்போது அதே கிலோ 3,000 ரூபாய்க்கும் மேலே ஏறியதுண்டு. அந்த விலையைக் கேட்டு, உழவர் பெருஞ்செல்வராகிவிட்டார் என்று நகரத்தார் எண்ணுவர். ஆனால், அந்நாளில் அவர் கையில் இருப்பது எவ்வளவு? ஒரு கைப்பை அளவு பூ. மூட்டை மூட்டையாகப் பூ இருக்கும்போது விலை இல்லை. விலை இருக்கும்போது பூ இல்லை.

பூ மிகும் காலத்தில் உழவருக்கு ஒரு புகலிடம் உண்டு. அது வாசனைச் சத்து எடுக்கும் தொழிற்சாலை. மதுரை, நிலக்கோட்டைப் பகுதிகளில் மல்லிகையை வாங்கிக் கரைப்பானில் இட்டு, மெழுகு போன்ற மணச்சத்தைப் பிரித்தெடுக்கிறார்கள். ஆயிரம் கிலோ பூவிலிருந்து கிடைப்பது ஒன்று அல்லது இரண்டு கிலோவே. அந்தச் சத்து வெளிநாடுகளுக்குச் சென்று நறுமணத் தைலங்களில் சேர்கிறது. ஒரு நாள் வாழும் பூவை ஆண்டுக்கணக்கில் வாழச் செய்யும் வித்தை அது. எனினும், தொழிற்சாலை தரும் விலை குறைவானதே.

மாணவச் செல்வங்களே, உதகமண்டலத்தில் மே மாதத்தில் நடைபெறும் மலர்க் கண்காட்சியை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். பெங்களூரு லால்பாக் தோட்டத்தில் 1889இல் அடிக்கல் நாட்டப்பட்ட கண்ணாடி மாளிகையிலும் குடியரசு நாளையும் விடுதலை நாளையும் ஒட்டி ஆண்டுக்கு இருமுறை மலர்க்காட்சி நடைபெறுகிறது. அங்கெல்லாம் தோட்டக்காரர்கள் பல திங்கள்களுக்கு முன்பே விதையிட்டு, தொட்டிகளில் வளர்த்து, குறித்த நாளில் அனைத்தும் ஒருசேர மலருமாறு செய்கிறார்கள். அங்கே மனிதன் நாள் குறிக்கிறான். செடி அதற்கு இணங்குகிறது. அது ஒரு பெரிய கலை.

மதுரையின் மலர்க்காட்சியோ வேறு வகை. அதற்கு மாளிகையும் இல்லை, நுழைவுச் சீட்டும் இல்லை. தெருவே அதன் அரங்கம். சித்திரைத் திருவிழாவில் மீனாட்சியம்மையின் திருக்கல்யாணம், தேரோட்டம், அழகர் வையையில் இறங்கும் காட்சி என்று நாள்தோறும் நகரம் பூவில் மூழ்குகிறது. திருவில்லிபுத்தூரிலிருந்து ஆண்டாள் சூடிக்களைந்த மாலை அழகருக்காக வருகிறது. திருவிழா முடிந்து அழகர் மலைக்குத் திரும்புமுன், தல்லாகுளத்தில் பூப்பல்லக்கில் எழுந்தருளுகிறார். மல்லிகை மிகுதியாகப் பூக்கும் பருவத்திலேயே இவ்விழா அமைந்திருப்பது எத்துணைப் பொருத்தம்! இங்கே செடி நாள் குறிக்கிறது. மனிதன் அதற்கு இணங்குகிறான்.

சித்திரையோடு காட்சி முடிந்துவிடுவதில்லை. ஆடியில் அம்மன் கோயில்களுக்கு அரளியும் செவ்வந்தியும்; ஆவணியில் விநாயகருக்கு எருக்கமாலை; புரட்டாசியில் பெருமாளுக்குத் துளசி; ஆயுத பூசைக்குக் கடைதோறும் செவ்வந்திச் சரம்; மார்கழியில் வாசற்கோலத்தின் நடுவே பூசணிப்பூ. பஞ்சாங்கத்தைப் பார்க்காமல், பூக்கூடையைப் பார்த்தே இன்ன மாதம் என்று சொல்லிவிடலாம்.

ஆனால், செடி மனிதனுடைய இடர்களை அறியாது. 2020ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் நாடெங்கும் பொது முடக்கம் வந்தது. கோயில்கள் மூடப்பட்டன, திருவிழா மக்கள் கூட்டமின்றிப் போயிற்று, திருமணங்கள் சுருங்கின. மல்லிகையோ தன் பருவம் வந்ததும் வழக்கம்போலப் பூத்துக் குலுங்கிற்று. வாங்குவார் இல்லை. பறித்தால் கூலிக்கும் கட்டாது; பறிக்காமல் விட்டால் செடிக்குக் கேடு. நெல்லாக இருந்தால் சேர்த்து வைத்திருப்பார்கள். பூவை என்ன செய்வது? நேரத்தோடு ஓடும் தொழில் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை அந்தக் கோடைக்காலம் நமக்குக் காட்டிற்று.

பூக்கட்டும் கைகளைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். நனைத்த வாழைநாரை இடக்கையில் பற்றி, இரண்டிரண்டு மொக்காக வைத்து, ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சிடும் அந்த விரைவைக் கண்ணால் தொடர முடியாது. முடிச்சு இறுகினால் காம்பு அறும். தளர்ந்தால் பூ உதிரும். நாம் இலக்கணத்தில் எதுகை, மோனை என்று படிக்கும்போது அவற்றைத் தொடை என்கிறோம். தொடை என்றால் தொடுக்கப்பட்ட மாலை. செய்யுள் இயற்றுவதை யாப்பு என்கிறோம். யாப்பு என்றால் கட்டு. பூக்கட்டுபவரிடமிருந்துதான் புலவர் தம் தொழிலுக்குப் பெயர் வாங்கினார் போலும்! அத்தகைய கைவினைக்கு இன்று கிடைக்கும் கூலி சிறிது. கட்டி முடித்த சரம் தெருவுக்கு வருகிறது. முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை அளந்து, முழக்கணக்கில் விற்பனையாகிறது.

இனி அந்தச் சிறுமியிடம் திரும்புவோம். அவளை நிற்க வைத்த அன்றைக்குச் சில நாள் கழித்து, உறவினர் வீட்டு விசேடத்துக்குப் பூ வாங்க, மீனாட்சியம்மன் கோயில் கீழக்கோபுரத்துக்கு எதிரே புதுமண்டபத்தின் அருகில் சென்றேன். இரவு ஒன்பது மணி இருக்கும். கூடையின் அடியில் மிஞ்சிய பூவுக்கு நீர் தெளித்துக்கொண்டிருந்தார் ஓர் அம்மாள். முழம் ஒரு ரூபாய் என்றார். “வாடின பூவுக்கு ஒரு ரூபாயா? அரை ரூபாய்க்குக் கொடுங்கள்” என்று நான் பேரம் பேசினேன். சற்று நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரி, எடுத்துக்குங்க ஐயா. இனிமே வச்சிருந்து என்ன செய்ய” என்றார். அவர் பின்னால் தெருவிளக்கின் வெளிச்சத்தில் பாடப்புத்தகத்தை விரித்து வைத்திருந்த பெண் தலை நிமிர்ந்தாள். அவள்தான். “எங்க கணக்கு சார், அம்மா” என்றாள். எழுந்து வந்து, தன் சின்னக் கையால் அளக்காமல், தாயின் கையைப் பிடித்து நீட்டி, அந்த முழத்தால் எனக்குப் பூ அளந்து கொடுத்தாள். நான் முழுப் பணத்தை வைத்தேன். அந்த அம்மாள் பேசிய விலைக்கு மேல் ஒரு காசும் வாங்க மறுத்துவிட்டார்.

மறுநாள் வகுப்பில் பழைய கணக்கை மீண்டும் எழுதினேன். அந்தச் சிறுமியைக் கரும்பலகைக்கு அழைத்து, “நீயே விலை போடு” என்றேன். அவள் எழுதினாள்: காலையில் 2 கிலோ, 28 ரூபாய் வீதம் 56 ரூபாய். மாலையில் 2 கிலோ, 20 ரூபாய் வீதம் 40 ரூபாய். இரவில் 1 கிலோ, 8 ரூபாய். ஆக வரவு 104 ரூபாய். முதல் 100 ரூபாய். இலாபம் 4 ரூபாய். சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தவள் மீண்டும் எடுத்தாள். “நாரும் பஸ்ஸும் இருக்கே, சார்” என்று சொல்லி, நாருக்கு ஒன்றரை ரூபாயும் பேருந்துக்கு இரண்டு ரூபாயும் கழித்தாள். மிச்சம் 50 காசு. என்னுடைய விடை 40 ரூபாய். அவளுடைய விடை 50 காசு. இரண்டும் கணக்கு முறைப்படி சரியே. ஆனால் ஒன்று புத்தகத்தில் வாழ்ந்தது. மற்றொன்று புதுமண்டபத்தின் அருகில் வாழ்ந்தது. அன்று வகுப்பில் நான் சொல்லாமல் விட்ட சொல் ஒன்று உண்டு. தவறு என்னுடையது என்பதே அது. அதை இன்று சொல்கிறேன்.

பூவின் விலையில் நேரமும் சேர்ந்திருக்கிறது. காலை நேரத்தின் ஆதாயம் பலருக்குப் பங்காகிறது. இரவு நேரத்தின் நட்டமோ பெரும்பாலும் ஒருவர் தலையிலேயே விழுகிறது. மண்டிக்காரர் காலையிலேயே கணக்கை முடித்துவிடுகிறார். மொத்த வியாபாரி நண்பகலுக்குள் மூட்டையைத் தள்ளிவிடுகிறார். கூடையின் அடியில் கிடக்கும் கடைசி நான்கு முழத்தோடு எஞ்சி நிற்பவர் யார்? எல்லோரிலும் முதல் குறைந்த அந்தப் பூக்காரம்மாள்தான். நாம் பேரம் பேசுவதும் பெரும்பாலும் அவரிடமே. பெரிய கடையில் அச்சிட்ட விலையை மறுபேச்சின்றிக் கொடுத்துவிட்டு வந்து, தெருவோரத்தில் முழத்துக்கு ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்கிறோம்.

ஆகவே, மாணவ மாணவியரே, உங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். இரவில் பூ வாங்கினால் சொன்ன விலையைக் கொடுத்து வாங்குங்கள். அஃது இரக்கம் அன்று. அவர் சுமக்கும் நேரத்துக்கு நாம் தரும் நேர்மையான விலை. அடுத்து, உங்களில் வேளாண்மை, வேதியியல், பொறியியல் கற்கப் போகிறவர்கள் இதை மனத்தில் கொள்ளுங்கள். மொக்கின் வாழ்நாளைச் சில மணி நேரம் நீட்டிக்கும் எளிய பெட்டி ஒன்றை, ஒரு கூடைக்காரி வாங்கக்கூடிய விலையில் நீங்கள் செய்துகொடுத்தால், அந்தச் சில மணி நேரமும் நேரே அவருடைய வருவாயாகும். வெளிநாட்டுக்குப் போகும் பூவுக்குப் பனிக்கட்டி உண்டு. புதுமண்டபத்தின் அருகில் இருக்கும் பூவுக்கு இன்னும் ஒரு கை நீர்தான்.

என் பணிக்காலத்தில் எத்தனையோ கேள்விகளை நான் மாணவர்களிடம் கேட்டிருக்கிறேன். மாணவர் என்னிடம் கேட்டவற்றுள் மறக்க முடியாதது அந்த ஒன்றே. கணக்கில் ஒரு விலையைக் காணும்போது, அது யாருடைய விலை, எந்த நேரத்து விலை என்று நீங்களும் கேளுங்கள். ஆசிரியர் அதட்டினாலும் கேளுங்கள்.